வண்டி உச்சியில ஒரு தகடு

உங்களுக்கு முட்டி வலியா, இல்ல என்னை மாதிரி சும்மா உக்காந்திருக்கீங்களா? எனக்குக் காலு நல்லா கல்லு மாதிரி இருக்குங்க. இங்கிலீஷ் தெரியாம எங்கயாச்சும் போய் முழிச்சுக்கிட்டு நிப்பேன்னு எம்மகன் வீல்சேருக்குச் சொல்லிப்புட்டான். வீல்சேர்ல உக்காந்துட்டா அவங்களே தள்ளிக்கிட்டுப் போய் பிளேன்ல ஏத்திருவாங்களாம். தோஹாலயும் அப்படித்தானாம். நடக்கத் தெரிஞ்சவளை நொண்டியாக்கி உக்கார வச்சிருக்கான் பாருங்க. தமிழா இருப்பீங்கன்னு அப்பவே நினைச்சேன். சேலைக்கு மேல ஸ்வெட்டரு, காலுல சாக்ஸு, சாக்ஸுக்கு மேல செருப்பு. நம்ம ஆளைத் தவிர யாரு இப்படி வருவா?

என் பேரு சண்முகத்தாய். ஊரு விருதுநகரு. எங்க வீட்டுக்காரவுக பருப்பு மொத்த வியாபாரம். கடையை விட்டுட்டு வரமாட்டேன்னுட்டாக, அதான் நான் மட்டும் வந்தேன். ஆறு மாசம் இருக்கணும்னு வந்தவ, முடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். ஏன்னு கேக்கமாட்டீங்களா? நீங்க கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன். வீல்சேர் தள்ளுற அந்தம்மா நம்ம ரெண்டு பேரையும் இங்க நிறுத்திட்டுப் போயிருக்கு, அது வர்ற வரைக்கும் நாம எங்க போகமுடியும்?

எங்குடும்பத்தை ஒரு ரேடியோ கெடுத்துச்சுங்க. சிரிக்காதீங்க. நிசமாத்தான் சொல்றேன். ரேடியோதான்.

எம்மகன் பேரு ராஜபிரபு. மருமக சுகிர்தா, தூத்துக்குடிப் பொண்ணு. ரெண்டு பேருக்கும் டல்லாஸ்ல வேலை. கறுப்புல ஒரு பெரிய காரு வச்சிருக்காங்க. நம்ம ஊரு வேனு உசரம். அதுக்குள்ள ஒரு ரேடியோ. நம்ம ஊரு ரேடியோ மாதிரி டவரு கிவரு எல்லாம் கிடையாது. வானத்துல சாட்டிலைட்டு சுத்துதுல்ல, அதுலருந்து நேரா வண்டிக்குள்ள பாடும். ஊரு தாண்டினாலும் பாடும், காடு தாண்டினாலும் பாடும். வண்டிக் கூரையில பின்பக்கம், மீன் முதுகுல நிக்குமே துடுப்பு, அது கணக்கா ஒண்ணு கறுப்பா நிக்கும். அதான் ஆன்டெனாவாம். இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரியும். அப்ப எனக்கு என்ன தெரியும்? வண்டிக்கு அழகுக்கு வச்சிருக்கான்னு நினைச்சேன்.

வந்த புதுசுல எனக்கு எல்லாமே நல்லாத்தான் தெரிஞ்சுது. காலையில ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஆபீஸ் போவாங்க. அந்த ஊர்ல ஒரு விஷயம் பாருங்க, வண்டிக்குள்ள ரெண்டு பேரு இருந்தா தனி ரோடு. ஒத்தை ஆளா போறவன் எல்லாம் வரிசையில முக்கி முக்கிப் போவான். ரெண்டு பேராப் போனா பக்கத்துலயே ஒரு ரோடு, சர்ருன்னு போயிரலாம். புருஷன் பொண்டாட்டி சேந்து போனா கவர்மென்ட்டே வழி விடுதேன்னு எனக்கு ஒரே சந்தோஷம். அவுககிட்ட போன்ல சொன்னேன். "ஏ, புருஷன் பொண்டாட்டின்னு கணக்கில்ல, எந்த ரெண்டு பேரும் போலாம்"னாக. அவுக எப்பவும் அப்படித்தான், நான் சந்தோஷமா ஒண்ணு சொல்லிறக் கூடாது.

அப்புறம்தான் கவனிச்சேன். எம்மகன் கீழ ஹால்ல சோபாவுல படுக்கான். மாடியில அவ படுக்கா. "என்னப்பா இது?"ன்னேன். "ஆபீஸ்ல இருந்து போன் வரும்மா, அவ தூக்கம் கெட்டுரும்"னான். சொல்லிக்கிட்டே காது மடலைப் பிடிச்சான். சின்னப்பிள்ளையிலருந்தே அது அவன் பழக்கம். பொய் வந்தா கை தானா காதுக்குப் போயிரும். கடையில வெல்லத்தைத் தின்னுட்டு "நான் திங்கல"ம்பான், கை காதுல இருக்கும். கல்யாணமாகி இத்தனை வருசமாச்சு, ஒரு பிள்ளை இல்லை, ஒரு சிரிப்புச் சத்தம் இல்லை. சாப்பாட்டு மேசையில ரெண்டு பேரும் ரெண்டு போனைப் பாத்துக்கிட்டுத் தின்னாங்க. உப்பு கூடிப்போச்சுன்னு ஒரு சண்டையாவது போடக்கூடாதா? அதுவும் இல்லை. நான் வேணும்னே ஒருநாள் ரசத்துல உப்பை அள்ளிப் போட்டேன். ரெண்டு பேரும் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

சிரிச்சது எங்க தெரியுமா? அந்த வண்டிக்குள்ளதான். சனிக்கிழமையானா என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஒரு மணி நேரம் போகணும். அப்ப அந்த ரேடியோவுல ஒரு கேள்வி-பதில் நிகழ்ச்சி வரும். ஒருத்தன் கரகரக் குரல்ல இங்கிலீஷ்ல கேள்வி கேப்பான். எதிர்ல இருக்கறவன் பதில் சொல்றதுக்குள்ள இவங்க சொல்லணும். யாரு முந்துறாங்கன்னு போட்டி. அவ முந்திட்டா இவன் ஸ்டியரிங்கைத் தட்டுவான். இவன் முந்திட்டா அவ "நீ ஏமாத்துறே, இது போன வருசம் வந்தது"ம்பா. சிரிப்பாங்க. சில நேரம் ரெண்டு பேரும் ஒண்ணா ஒரே பதிலைச் சொல்லிட்டு ஒருத்தரையொருத்தர் பாப்பாங்க பாருங்க, பின்னாடி உக்காந்திருக்க எனக்குக் கண்ணு கலங்கும். கல்யாணமான புதுசுலருந்து கேக்காங்களாம். நிகழ்ச்சி முடிஞ்சதும் ரெண்டு பேரும் பழையபடி ஊமையாயிருவாங்க.

சரி, இன்னும் கொஞ்சம் உசிரு ஒட்டிக்கிட்டிருக்கு, காப்பாத்திப்புடலாம்னு நினைச்சேன். நினைக்கறது தப்பா? பெத்தவ நினைக்காம யாரு நினைப்பா?

ஊர்லருந்து வரும்போதே நான் ஒரு செப்புத் தகடு கொண்டாந்திருந்தேன். எங்க குலதெய்வம் கோயில் பூசாரி கட்டம் போட்டு, எழுத்து எழுதி, பூசையில வச்சுக் கொடுத்தது. தம்பதி ஒத்துமைக்கு. கைகண்ட தகடு. எங்க கொழுந்தன் மக வீட்டுல வச்சு, ஓடிப்போன புருஷன் திரும்பி வந்துட்டான். பூசாரி என்ன சொன்னாருன்னா, "ரெண்டு பேரும் ஒண்ணா உக்கார்ற இடத்துல, தலைக்கு மேல, உச்சியில இருக்கணும். அவங்க கண்ணுல படக்கூடாது"ன்னாரு. நானும் வீடெல்லாம் சுத்திச் சுத்திப் பாக்கேன். படுக்கறது தனித்தனி. டிவி பாக்கறதும் தனித்தனி. சாப்பிடுற எடத்துல உக்காந்தாலும் ஆளுக்கொரு போனு, அதைச் சேத்தின்னு சொல்லமுடியாது. இந்த ரெண்டு பேரும் ஒண்ணா உக்கார்ற இடம் எது?

வண்டிதான். அதை விட்டா இல்லை.

ஒருநாள் பகல்ல, அவங்க ஏதோ வீட்டுலருந்தே வேலைன்னு மாடியிலயும் கீழயும் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கப்ப, நான் சமையக்கட்டு ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு கராஜுக்குப் போனேன். இந்த வயசுல ஏறினேன் பாத்துக்கங்க. உச்சின்னா அந்தக் கூரையில அதுதான் உச்சி. மீன் துடுப்பு. தகடு மெல்லிசு, மடக்கினா மடங்கும். விபூதி போட்டு, வேண்டிக்கிட்டு, அந்தத் துடுப்பைச் சுத்தி நல்லா இறுக்கி மடிச்சு விட்டேன். அதுக்கு மேல கறுப்பு டேப்பை இடைவெளி இல்லாம சுத்தினேன். காத்துல பறந்துரக் கூடாதுல்ல? வண்டியும் கறுப்பு, டேப்பும் கறுப்பு. உசரமான வண்டி, கீழருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. இறங்கி நின்னு பாத்தேன். மனசு நிறைஞ்சு போச்சு.

அடுத்த சனிக்கிழமை கோயிலுக்குக் கிளம்புறோம். அன்னிக்குன்னு பாத்து அந்தச் சனியன் பிடிச்ச ரேடியோ மக்கர் பண்ணுது! பாடும், நிக்கும். பாடும், நிக்கும். கேள்வி வரும், பதில் வராது. கரகரன்னவன் "ஹூ வாஸ்"ம்பான், அதோட செத்துப்போவான். திரும்பி உசிரு வந்தா வேற கேள்வியில இருப்பான். எம்மகன் தட்டிப் பாக்கான், அமத்திப் பாக்கான். அவ, "பாலத்துக்கு அடியில போனா கட் ஆகும்ல, அதான்"னா. இவன், "இங்க எங்க பாலம் இருக்கு?"ன்னான். எனக்கு ஒரே எரிச்சல். தகடு வச்ச முதல் வாரம், நல்லது நடக்க வேண்டிய நேரம், இந்த ரேடியோவுக்கு இப்பத்தான் கேடு வரணுமா?

அப்புறம் அந்த ரேடியோ கம்பெனிக்குப் போன் போட்டான். கம்பெனிக்காரன் என்ன சொன்னான்னா, மேல எதுவும் மறைக்காத எடத்துல வண்டியை நிறுத்தி, இஞ்சினை ஓட விட்டுட்டுக் காத்திருக்கணுமாம். அவன் அங்கருந்து சாட்டிலைட்டுக்குச் சொல்லுவானாம், சாட்டிலைட்டு நம்ம வண்டிக்குச் சிக்னல் அனுப்புமாம். சரின்னு கோயில் பார்க்கிங்ல, வெட்ட வெளியில கொண்டுபோய் நிறுத்தினான். மூணு பேரும் உக்காந்திருக்கோம். நான் இறங்கி அண்ணாந்து பாத்தேன். ஒரு மரம் இல்ல, ஒரு கட்டடம் இல்ல, ஒரு மேகம்கூட இல்ல. "ஒண்ணும் மறைக்கலப்பா, வானம் வெறிச்சுன்னு இருக்கு"ன்னு சொன்னேன். எம்மகன் போன்ல இருந்தவன்கிட்டயும் அதையே சொன்னான். ஒண்ணும் வரல. வெயிலு மண்டையைப் பொளக்குது, ரேடியோ கம்முன்னு இருக்கு.

ஏன் அப்படிப் பாக்கீங்க? தண்ணி வேணுமா? இந்தாங்க, எங்கிட்ட பாட்டில் இருக்கு.

அதுக்கப்புறம் வாராவாரம் இதே கூத்துதான். ஒரு வாரம் மரம்னு சொல்லி மரமில்லாத ரோட்டுல சுத்திக்கிட்டுப் போனான். ஒரு வாரம் இடப்பக்கம் சாஞ்சு நிறுத்திப் பாத்தான். அவ, "ரேடியோவை விடேன், போன்ல பாட்டுப் போடேன்"னா. அவன், "எனக்கு உன் பாட்டு வேண்டாம்"னான். அவ, "உனக்கு என்னதுதான் வேணும்?"னா. அவ்வளவுதான். ஒரு ரேடியோ ஒழுங்கா இருந்தா இந்தப் பேச்செல்லாம் வருமா? சொல்லுங்க. ஆபீஸ் போறப்பவும் அப்படித்தான் இருந்திருக்கும். போற வழியெல்லாம் பேச்சில்லாத வண்டி. அந்த ரெண்டு பேர் போற ரோட்டுல சர்ருன்னு போயிருப்பாங்க, வாயைத் திறக்காம. தகடு மட்டும் இல்லைன்னா இன்னும் என்னவாகியிருக்குமோன்னு நான் தினமும் விளக்கேத்தும்போது நினைச்சுக்குவேன்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. அன்னிக்கு ரேடியோவைப் போடவே இல்லை. ரெண்டு பேரும் ரோட்டைப் பாத்துக்கிட்டு வாராங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவ மெதுவா இங்கிலீஷ்ல என்னமோ சொன்னா. இவன் பதில் சொன்னான். அவ சொன்னா. இவன் சொன்னான். சண்டையே இல்லைங்க! சத்தமே இல்லை. அவ்வளவு பதவிசா, ஒருத்தரு பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரு காத்திருந்து, கோயில் வர்ற வரைக்கும் பேசினாங்க. வந்ததுலருந்து அவங்க அவ்வளவு நேரம் பேசி நான் பாத்ததே இல்லை. நடுவுல அவ கண்ணைத் துடைச்சா. இவன் டிஷ்யூவை எடுத்து நீட்டினான். நீட்டினான்ங்க! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. தகடு வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சுன்னு பின்னாடி உக்காந்து கையெடுத்துக் கும்புட்டேன். சாமிக்குன்னு வச்சிருந்த லட்டை எடுத்து ரெண்டு பேருக்கும் கொடுத்தேன். "சாப்பிடுங்கப்பா"ன்னேன். வாங்கிக்கிட்டாங்க. அவ கையிலயே வச்சிருந்தா.

வீட்டுக்கு வந்து என்னை உக்கார வச்சுச் சொன்னாங்க. பிரியப் போறாங்களாம். ரெண்டு பேரும் சேந்துதான் முடிவு பண்ணினாங்களாம். கோவமெல்லாம் இல்லையாம். "எப்படா முடிவு பண்ணினீங்க?"ன்னு கேட்டேன். "வர்ற வழியில, வண்டியிலதாம்மா"ன்னான். நான் பின்னாடி உக்காந்து லட்டு கொடுத்தேனே, அப்பத்தான்.

அழுதேன். அவ காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன். "அத்தை, நீங்க ஏன் இப்படி"ன்னு அவளும் அழுதா. நல்ல பொண்ணுங்க. என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை. காபியை ஆத்தத் தெரியாது, அது ஒண்ணுதான்.

வண்டி அவளுக்குன்னு பேச்சு. அவளுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி எம்மகன் தன் கையாலயே கழுவினான். வாசல்ல நிறுத்தி, ஏணி போட்டு ஏறிக் கூரையைத் தேய்ச்சான். நான் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டிருக்கேன். தேய்ச்சவன் நின்னான். குனிஞ்சு பாத்தான். நகத்தால டேப்பைச் சுரண்டினான். வெளிய ஓடினேன். அவன் கையில தகடு. "அம்மா, இது என்ன?"ன்னான். மறைக்க என்ன இருக்கு? சொன்னேன். பூசாரி, உச்சி, எல்லாம். அவன் ஏணியிலயே நிக்கான். ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

மருமக வந்து என்னன்னு கேட்டா. அவன் தகட்டைக் காட்டினான். அவ தகட்டைப் பாத்தா, கூரையைப் பாத்தா, என்னைப் பாத்தா. சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கா, கண்ணுலருந்து தண்ணி கொட்டுது. அவனுக்கும் சிரிப்பு வந்துருச்சு. நானும் சிரிச்சேன். எதுக்குச் சிரிக்கோம்னு தெரியல, ஆனா அந்த வீட்டுல மூணு பேரும் ஒண்ணா சிரிச்சது அன்னிக்கு மட்டும்தான்.

எம்மகன் வண்டிக்குள்ள ஏறி ரேடியோவைப் போட்டான். பளிச்சுன்னு பாடுது! தம்புடி கரகரப்பு இல்லை. அன்னிக்கும் சனிக்கிழமை, அந்த நிகழ்ச்சி ஓடுற நேரம். அவளும் இந்தப் பக்கம் ஏறி உக்காந்தா. வண்டி நின்னபடி நிக்குது, ரெண்டு கதவும் திறந்து கிடக்கு, சோப்புத் தண்ணி ஓடுது. முழு நிகழ்ச்சியையும் கேட்டாங்க. ஒரு கேள்விக்கு ரெண்டு பேரும் ஒண்ணா பதில் சொன்னாங்க. எனக்கு உசிரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. முடிஞ்சதும் அவன் ரேடியோவை அமத்தினான். அவ அந்தப் பக்கம் இறங்கினா, இவன் இந்தப் பக்கம் இறங்கினான். அவ உள்ள போயிட்டா, இவன் குழாயை எடுத்து மிச்சக் கூரையைக் கழுவினான்.

மறுநாள் அவ பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டா. பாத்தீங்களா? தகடு இருந்த வரைக்கும் வீட்டுக்குள்ள இருந்தா. எடுத்த மறுநாளே பெட்டி! இதைத்தான் நான் அவுககிட்டயும் சொன்னேன். அவுக, "பிளேனுக்கு நேரத்துக்குப் போ"ன்னு போனை வச்சுட்டாக.

தகட்டை அவதான் எங்கிட்ட கொடுத்தா. கசங்கிப்போய் இருந்ததை ஒரு புஸ்தகத்துக்கு நடுவுல வச்சு அமத்தி, நேராக்கி, "அத்தை, பத்திரமா வச்சுக்கங்க"ன்னு கொடுத்தா. இந்தா, இந்தப் பையிலதான் இருக்கு. பாருங்க. நாலு ஓரமும் மடிஞ்சது மடிஞ்சதுதான், எழுத்து மட்டும் அழியல.

இன்னிக்கு என்னைக் கொண்டாந்து விட ரெண்டு பேருமே வந்தாங்க. வண்டி அவளோடது, அவதான் ஓட்டினா. அவன் பக்கத்துல. நான் பின்னாடி. அந்தத் தனி ரோட்டுலதான் வந்தோம். ரேடியோ வழியெல்லாம் பாடுச்சு. மரத்துக்கு அடியில பாடுச்சு, பாலத்துக்கு அடியிலகூட ஒரு நொடி விக்கிட்டுப் பாடுச்சு. இன்னிக்கும் சனிக்கிழமைல்ல, அந்தக் கரகரன்னவன் வந்தான். கேள்வி கேட்டான், பதிலும் வந்துச்சு. அடுத்த கேள்வி, அடுத்த பதில். ரெண்டு பேரும் வாயைத் திறக்கலை. எனக்கே ஒரு பதில் தெரியும் போல இருந்துச்சு, ஆனா எப்படிச் சொல்றது?

நீங்க ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருக்கீங்களே. நீங்க என்ன நினைக்கீங்கன்னு எனக்குத் தெரியுது. அப்ப இருந்தே அந்தப் பார்வைதான் பாக்கீங்க. எனக்கும் அது தோணாம இல்லை. வீல்சேர்ல உக்கார வச்சுட்டுக் கிளம்பறப்ப அவன்கிட்ட கேட்டேன். "ஏப்பா, நான் அதை மேல வச்சதுனாலயாப்பா?"ன்னு நேராவே கேட்டேன். எம்மகன் குனிஞ்சு, என் சால்வையை இழுத்துப் போத்திவிட்டு, "சேச்சே, அதனால எல்லாம் இல்லம்மா. அது எப்பவோ முடிஞ்சுபோனது"ன்னான்.

அவனே சொல்லிட்டான். அப்புறம் என்ன?

சொல்லிட்டுக் காது மடலைப் பிடிச்சான். குளிருக்கா இருக்கும். ஏசியை என்ன போடு போடுறான் பாருங்க இங்க. உங்களுக்கும் குளிருதுல்ல?